பினாங்கு வழி நாமகிரிப்பேட்டை

கடல் கடக்காத அறிவு முழுமை பெற்றதில்லை. உலக வரலாறு நெடுக இதற்குச் சான்று உண்டு. அறிஞர்கள் அலைகளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், புயலில் சிக்கியிருக்கிறார்கள், கரையேறி வந்து தலையணை தடிமனில் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அந்த மாபெரும் வரிசையில் இடம்பிடிப்பதற்காக 1978ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசி நாளன்று நாமக்கல்லிலிருந்து புறப்பட்ட பொருளாதாரப் பேராசிரியர் அருணகிரி, இருபது மைல் தள்ளியிருக்கும் நாமகிரிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதுவும் கோழித் தீவன லாரியில், தார்ப்பாய்க்கு அடியில்.

அருணகிரி வேலை பார்த்தது முட்டை வியாபாரிகளும் லாரி முதலாளிகளும் சேர்ந்து கட்டிய ஒரு கலைக் கல்லூரியில். அதன் முதல்வர் ஆவணியில் ஓய்வு பெறுவதாக இருந்தார். காலியாகப் போகும் நாற்காலிக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் அருணகிரி. மற்றவர் தமிழ்த்துறைத் தலைவர் கந்தப்பன். கந்தப்பன் அதிகம் பேசமாட்டார். அருணகிரி அதற்கும் சேர்த்துப் பேசுவார்.

கல்லூரிச் செயலாளர் நாச்சிமுத்து மதராஸுக்கு முட்டை அனுப்புகிற பெரிய வியாபாரி. அவர் ஒருநாள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"பக்கத்து ஊருக் காலேஜுல பிரின்சிபாலு பேருக்குப் பின்னால லண்டன்னு போர்டு வெச்சிருக்கறாங்க. நம்மாளு பேருக்குப் பின்னால மோகனூருன்னு போட்டா நல்லாவாங்க இருக்குது? கடல் தாண்டுன ஆளுதான் நாற்காலியில ஒக்காரணும். ஆவணி ஏழாந்தேதி கமிட்டி. அதுக்குள்ள ஆரு தாண்டறீங்களோ தாண்டுங்க."

கந்தப்பன் தாம் மோகனூர்க்காரர் என்பதை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அருணகிரி அன்று சாயங்காலமே ஒரு திட்டம் எழுதினார். தலைப்பு, 'தென்கிழக்காசியச் சிறு கோழிப்பண்ணைகளில் உழைப்பும் உறவும்: ஒரு கள ஆய்வு'. இடம் பினாங்கு. மதராஸிலிருந்து கப்பல். தலைமை அருணகிரி, கூடவே எம்.ஏ. மாணவர்கள் இருவர். கோழிப்பண்ணைப் பொருளாதாரம் பற்றி அருணகிரி அதுவரை பத்தொன்பது கட்டுரைகள் எழுதியிருந்தார். கோழியை மட்டும் குழம்பில்தான் நெருங்கிப் பார்த்திருந்தார்.

மாணவர்களையும் அவரே பொறுக்கினார். செங்கோடன் இரண்டு பெட்டியை ஒரே சமயத்தில் தூக்குவான். காளியப்பனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதோடு அவன் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அதை அருணகிரி அடக்கம் என்று நினைத்தார். தூக்கம் என்பது செங்கோடனுக்குத் தெரியும்.

கப்பல் ஆடி இரண்டாந்தேதி. நாச்சிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஆடி பொறந்துட்டா ஊட்ட உட்டுப் பொறப்படவே கூடாதுங்க. ஏழு வருசத்துக்கு முன்னால ஆடியில கெளப்புன லாரி இன்னும் குண்டூருல நிக்குது. ஆனியிலயே படி எறங்கிருங்க. அதுக்கப்பறம் கப்பலு எப்பக் கெளம்புனா நமக்கென்ன? பயணம் ஆனிக் கணக்கு."

ஆகவே ஆனி கடைசி நாள் மத்தியானம், பேண்டு வாத்தியத்தோடு வழியனுப்பு விழா நடந்தது. சுவர்களில் 'கடல் கடக்கும் கல்விச் சிங்கமே, வருக வருக' என்று சுவரொட்டி. போகிற ஆளுக்கு ஏன் வருக என்று யாரும் கேட்கவில்லை. அச்சாபீசில் அந்த எழுத்துக்கள்தான் கோத்துத் தயாராக இருந்தனவாம். அருணகிரி ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசினார். "இனி இந்த மண்ணை நான் மிதிப்பதாக இருந்தால், உலக அறிவோடுதான் மிதிப்பேன்" என்று முடித்தபோது கைதட்டல் வானைப் பிளந்தது. பெரும்பாலும் முடிந்துவிட்ட சந்தோஷம்.

பஸ் ஏறும்போது அவருடைய மனைவி முத்தாயம்மாள் ஜன்னலருகே வந்து சொன்னாள்: "அங்க போயி பேசிப் பேசி ஆரு உசுரையும் எடுத்துப்போடாதீங்க. நம்ம சனமாட்டம் அவங்களும் பொறுத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாது."

சேலத்தில் பயண ஏஜெண்டிடம் கப்பல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அப்படியே ரயில் ஏறுவதாக ஏற்பாடு. ஏஜெண்டு ஆபீசில் நுழைந்தபோது கழுத்தில் மாலை இன்னும் ஈரமாக இருந்தது. ஏஜெண்டு ஒரு தந்தியை எடுத்து நீட்டினார்.

"கப்பல் எஞ்சினைக் கழட்டிப் போட்டிருக்காங்களாம் சார். பன்னண்டு நாள் ஆகுமாம். ஊருக்குப் போயிட்டு நிதானமா வாங்க."

நிதானத்துக்கு அருணகிரியிடம் நாள் இல்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நாளை ஆடி ஒன்று. இன்றைக்கு வீடு திரும்பினால் மறுபடி ஆடியில்தான் புறப்பட வேண்டும். நாச்சிமுத்து விடமாட்டார். ஆவணியில் புறப்பட்டால் கமிட்டி முடிந்து, கந்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மணியையும் அடித்துப் பார்த்திருப்பார். திரும்பினால் பதவி போயிற்று. மதராஸில் பன்னிரண்டு நாள் விடுதியில் தங்க வசதி இல்லை. சேலத்து விடுதிகளிலோ எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே நாமக்கல் லாரிக்காரர் யாராவது பல் விளக்கிக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் காளியப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டான்.

"சார், நல்ல நாள்ல பொறப்பட முடியலீன்னா எங்கூட்ல பரஸ்தானம் வெப்பாங்க சார். பெட்டிய மட்டும் அன்னிக்கு வேற ஊட்ல கொண்டு போயி வெச்சுப்போடுவாங்க. பயணம் கெளம்புன கணக்கு ஆயிரும். ஆளு அப்பறமா சாவகாசமாப் போவாரு. பெட்டி போயி ஒக்காந்தாலே பயணமுன்னா, பெட்டியோட நாமளும் போயி ஒக்காந்துக்கிட்டா அது இன்னும் ஒசத்தி இல்லீங்களா?"

அருணகிரி எழுந்து நின்றார். எழுந்து நின்றால் அவருக்குக் கொள்கை வந்துவிடும்.

"இதற்குத் தலைமறைவு என்று பெயரல்ல. உலகப் பயணிகள் எல்லோரும் நடுவழியில் தங்கியிருக்கிறார்கள். இது இடைத்தங்கல். நாம் வெளிநாட்டுப் பயணத்தில்தான் இருக்கிறோம். பயணம் தற்சமயம் நகரவில்லை, அவ்வளவுதான்."

"எங்கத்தை ஊட்டுக்குப் போலாமுங்க சார்," என்றான் செங்கோடன். "நாமகிரிப்பேட்டையில இருந்து உள்ளாற மூணு மைலு. கோழிப்பண்ணை வெச்சிருக்கறாங்க. முட்டையெல்லாம் சைக்கிள்ல ராசிபுரத்துக்குப் போயிரும். நாமக்கல் வியாபாரி ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாங்க."

தீவன லாரி அவன் பிடித்ததுதான்.

செங்கோடனின் அத்தை நல்லம்மாளுக்கு ஐம்பது வயது. புருஷன் போர்வெல் ரிக் வண்டியோடு வருஷத்தில் எட்டு மாதம் ஆந்திராவில் இருப்பார். ஆயிரத்து இருநூறு கோழிகளையும் நான்கு ஏக்கர் மரவள்ளிக் குச்சிக்கிழங்கையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு கோட்டும் மாலையுமாக இறங்கிய பேராசிரியரை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏஞ்சாமி செங்கோடா, பினாங்கு போற லாரி நம்மூரு வழியாவா போகுது?"

செங்கோடன் விஷயத்தைச் சொன்னான். அருணகிரி இடைத்தங்கல் பற்றிப் பேசத் தொடங்கினார். நல்லம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருங்க வாத்தியாரே. எனக்கு வெளங்கிப்போச்சு. ஊருக்குள்ள நீங்க வெளிநாட்டுல இருக்கறீங்க. இங்க நீங்க ஆருமே இல்லீங்க. அப்புடித்தானுங்க? நாளைக்குத் தலையாடி. கொட்டாயி ஆளு மூணு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க, ஆடிப் பதினெட்டு முடிஞ்சுதான் வருவாங்க. நீங்களும் மூணு பேரு. சாமி பாத்து அனுப்புன மாதிரி இருக்குது."

"நான் ஆய்வாளர்."

"நல்லா ஆயுங்க. கொட்டாயில ஆய வேண்டியது நெறைய கெடக்குது."

மறுநாள் ஊரெல்லாம் ஆடிப்பிறப்புக்குத் தேங்காய் சுட்டுக்கொண்டிருந்தது. வெல்லமும் அரிசியும் எள்ளும் திணித்த தேங்காயை அழிஞ்சில் குச்சியில் குத்தி நெருப்பில் காட்டும் வாசனை வரப்பு தாண்டி வந்தது. உலக அறிவு பெறப் புறப்பட்ட பேராசிரியர் அருணகிரி லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, உமி பரப்பிய கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். ஆயிரத்து இருநூறு வெள்ளைக் கோழிகளும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தன. இப்படி ஒரு கவனத்தை அவர் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. நெகிழ்ந்துபோய் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் முதல் கோழி கொத்தியது.

வேலை கடினமாக ஒன்றுமில்லை. காலையில் தண்ணீர் வைக்க வேண்டும், தீவனம் போட வேண்டும், உமியைக் கிளறிவிட வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு தடவை முட்டை பொறுக்க வேண்டும். செங்கோடனும் காளியப்பனும் இரண்டாம் நாளே பழகிவிட்டார்கள். அருணகிரி கோழிக்கு அடியில் கையை விடுமுன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். கோழிகள் அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

படுக்கை விஷயத்திலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பையன்கள் வெளியே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் மாணவர்களோடு வானம் பார்க்கப் படுப்பது முறையல்ல. தனி அறை வேண்டும், கதவு வேண்டும் என்றார். நல்லம்மாளின் வீடு ஒற்றை அறை. பண்ணையில் கதவுள்ள வேறு ஒரே இடம் காலியாகக் கிடந்த குஞ்சுக் கொட்டகை. அதில்தான் பேராசிரியர் தனியாக, கௌரவமாக, பன்னிரண்டு நாளும் படுத்தார்.

வேலைக்கு நடுவே ஆய்வும் நடந்தது. எண்பத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தை அவர் கட்டுக் கட்டாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை இங்கேயே யாரிடமாவது கேட்டுப் பழகலாமே என்று காளியப்பன் சொன்னபோது, "பினாங்கு வேறு, நாமகிரிப்பேட்டை வேறு" என்று கோபித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பொழுது போகாமல் அவரே நல்லம்மாள் எதிரே படிவத்தோடு உட்கார்ந்தார்.

"முதல் கேள்வி. தங்கள் நிறுவனத்தின் நீண்டகால நோக்கம் யாது?"

"முட்டைங்க."

"அது உற்பத்திப் பொருள். நோக்கம்?"

"இன்னும் எச்சா முட்டைங்க."

"பதினேழாவது கேள்வி. உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே நிலவும் உறவு எத்தகையது?"

"மேலக் கொட்டாயில தண்ணி வெச்சீங்களா?"

"இன்னும் இல்லை."

"அப்ப மோசமுன்னு எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். பக்கத்துப் பண்ணைகளில் பையன்களை விட்டு இன்னும் முப்பது படிவங்களை நிரப்பினார். 'நாடு' என்ற கட்டத்தை மட்டும் எல்லாவற்றிலும் காலியாக விட்டுவைத்தார். அறிவுலகத்தில் நேர்மை முக்கியம்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பண்ணை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அந்த ஹாரன் சத்தம் அருணகிரிக்குத் தெரியும். கல்லூரி வாசலில் அது கேட்டால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பையன்கள் இருவரும் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் பாய்ந்து மறைந்தார்கள். அருணகிரி கொட்டகைக்குள்ளிருந்து முட்டைத் தட்டோடு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். திரும்பி ஓடினால் தட்டு சரியும். அப்படியே நின்றார்.

நாச்சிமுத்து இறங்கி வந்தார்.

"ஏனுங் அம்மிணி, முட்டை இருக்குதுங்களா? எங்க பக்கம் கோழிக்கு ராணிக்கெட்டுச் சீக்கு வந்து கொத்துக்கொத்தாப் போயிருச்சுங்க. மதராஸ் லோடு பத்தல. சந்து சந்தாத் தேடிக்கிட்டு வாரேன்."

"இருக்குதுங்க. வாங்க. மோரு குடிக்கறீங்களா?"

நாச்சிமுத்து மோர் குடித்தார். இரண்டடி தூரத்தில் நின்ற ஆளை ஒருமுறை பார்த்தார். முகத்தில் உமித்தூள், தலையில் துண்டு, காலில் கோழி எச்சம். பண்ணை ஆட்களை முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. அருணகிரியைக் காப்பாற்றியது அதுதான்.

"ஏப்பா, அதையேன் கையில வெச்சுக்கிட்டு நிக்கறே? ஜீப்புல கொண்டுபோயி வெய்யி."

அருணகிரி அசையவில்லை. அசைந்தால் நடை காட்டிக் கொடுத்துவிடும். மேடைக்குப் போகிற நடை.

"புது ஆளுங்க," என்றாள் நல்லம்மாள். "காது கேக்கும், வேலைதான் ஏறாது."

"நம்ம பக்கம் எல்லாம் அப்புடித்தானுங்க. எங்க காலேஜுல அருணகிரின்னு ஒரு புரபசரு. இப்பப் பினாங்குல இருக்கறாரு. வழியனுப்பு விழாவுல ஒண்ணேமுக்கா மணி நேரம் பேசுனாருங்க. பேண்டு வாசிக்கற பையன் மயங்கி உழுந்துட்டான். மனுசன் கடலுக்கு அந்தப் பக்கம் போன பொறவுதான் காலேஜே நிம்மதியாத் தூங்குது."

"அப்புடிப்பட்டவரை எதுக்குங்க வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பறீங்க?"

"பிரின்சிபாலு ஆக்கறதுக்குத்தானுங்க."

"ஐயோ சாமி. பேசுற ஆளுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அதுக்குத்தானுங்க அம்மிணி. பிரின்சிபாலு ஆயிட்டா கிளாசு எடுக்க வேண்டியதில்ல. ரூமுக்குள்ள போட்டுக் கதவச் சாத்திரலாம். பசங்க பொழைச்சுக்குவாங்க. கப்பலு ஏறி ஒருக்கா போயிட்டு வந்துட்டாப் போதும், நாற்காலி அருணகிரிக்குத்தான்."

இதில் 'நாற்காலி அருணகிரிக்குத்தான்' என்ற பகுதி மட்டுமே அருணகிரியின் காதில் விழுந்தது. இருபது வருஷ மேடைப் பழக்கம். தம் பெயர் சபையில் சொல்லப்பட்டதும் இரண்டு கைகளும் தாமாக எழுந்து நெஞ்சுக்கு நேரே குவிந்தன. முப்பது முட்டைகளும் தரையில் விழுந்தன.

நாச்சிமுத்து துள்ளி விலகினார். செருப்பெல்லாம் மஞ்சள் கரு.

"அட, என்றா இவன்! கையில தட்டு இருக்கறப்பக் கும்பிடறான்!"

"மரியாதை தெரிஞ்ச ஆளுங்க," என்றாள் நல்லம்மாள் முகம் மாறாமல். "அது ஒண்ணுதான் தெரியும்."

"இந்த ஆள நாளைக்கே நிறுத்திப்போடுங்க அம்மிணி. பண்ணைக்குள்ளயே வெச்சிருக்கக் கூடாது. மொகத்தப் பாத்தாலே தெரியுது, உருப்படமாட்டான்."

ஜீப் போன பிறகு பையன்கள் கிழங்குக் காட்டிலிருந்து வெளியே வந்தார்கள். சார் அவமானத்தில் உடைந்துபோயிருப்பார் என்று பயந்தார்கள். அருணகிரி உமிக்கு நடுவே, உடைந்த முட்டைகளுக்கு நடுவே, ஒரு வெற்றி வீரரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டீர்களா? முடிவு செய்துவிட்டார்கள். கப்பல் ஏறுவது ஒன்றுதான் பாக்கி."

சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் முதுகைச் சொறிந்தார். நாலைந்து நாளாகவே அப்படித்தான் இருந்தது. கழுத்து, அக்குள், இடுப்பு, முழங்கைகளின் உள்பக்கம் எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. உயர் பதவியை நெருங்கும்போது நரம்பு மண்டலம் இப்படிக் குமுறுவது இயல்பென்று அவர் எங்கோ படித்திருந்தார். நல்லம்மாளிடம் அதைக் காட்டுவது அவருடைய தகுதிக்குக் குறைவாகப் பட்டது.

ஆடி பதினாலாம் தேதி மதராஸ் துறைமுகத்தில் மூவரும் வரிசையில் நின்றார்கள். அருணகிரி கோட்டு போட்டிருந்தார். கப்பல் அவர் எதிரே வெள்ளையாக, பெரிதாக, எஞ்சினோடு நின்றது. சுகாதாரச் சோதனைக்காக ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தொழில்' என்ற இடத்தில் அவர் பேனாவை நிறுத்தி யோசித்தார். எட்டாம் நாள் காலையில் கேட்டது நினைவுக்கு வந்தது. 'கல்லூரி முதல்வர்' என்று எழுதினார். இன்னும் மூன்று வாரம்தானே. முகவரிக்கும் 'முதல்வர் அலுவலகம்' என்று போட்டுக் கல்லூரிப் பெயரை அழகாக எழுதினார்.

டாக்டர் இளைஞர். ஆள் மாற்றி ஆள் பார்த்து அலுத்திருந்தார்.

"சட்டையைக் கழட்டுங்க."

"அது அவசியமா? நான் ஒரு கல்லூரி..."

"கழட்டுங்க சார்."

கழற்றினார். டாக்டர் நாற்காலியை நாலடி பின்னால் தள்ளினார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பத்து நாள். இது மன அழுத்தம். பொறுப்பான பதவிக்கு வருகிறவர்களுக்கு..."

"அக்குள்லயுமா அழுத்தம்?"

"பதவி பெரிது."

"சார், கப்பல்ல எண்ணூறு பேர் போறாங்க. இது அம்மையா, வேற ஏதாவதான்னு தெரியாம உங்களை ஏத்த முடியாது. தனி வார்டுல ரெண்டு நாள் இருங்க. முடிவை உங்க ஆபீசுக்குத் தபால்ல அனுப்புவாங்க, நாளாகும்."

பண்ணையில் மரத்தடியில் காற்றாடப் படுத்திருந்த செங்கோடனும் காளியப்பனும் பளபளவென்று இருந்தார்கள். அவர்களைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அருணகிரி கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்:

"வந்ததும் நேரே நாமகிரிப்பேட்டைக்கு வாருங்கள்! மூவரும் சேர்ந்துதான் ஊர் திரும்புகிறோம்! யாரிடமும் வாய் திறக்கக்கூடாது! இன்டர்னல் மார்க் என் கையில்!"

மூன்றாம் நாள் அவர் தனியாக நல்லம்மாள் வாசலில் போய் நின்றார்.

"ஏனுங் வாத்தியாரே, பினாங்கு அதுக்குள்ள தீந்துபோச்சுங்களா?"

அவர் நடந்ததைச் சொன்னார். நல்லம்மாள் அவர் கழுத்தைப் பார்த்தாள். குஞ்சுக் கொட்டகையைப் பார்த்தாள். வேப்பிலை கொதிக்க வைக்கப் போனாள். இந்தத் தடவை கட்டில் மரத்தடியில்தான் என்றாள், கண்டிப்பாக.

ஆவணி மூன்றாம் தேதி பையன்கள் திரும்பி வந்தார்கள். பினாங்கில் கப்பல் ஒன்றரை நாள்தான் நின்றதாம். மழை பெய்ததாம். கோழிப்பண்ணை எங்கே என்று இவர்கள் விசாரித்த ஆளும் மோகனூர்க்காரராம். வேறு வழியில்லை. நாமகிரிப்பேட்டைப் படிவங்களை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் காளியப்பன் முத்து முத்தாக 'மலேசியா' என்று எழுதினான். முப்பத்தொன்றாம் கேள்விக்கு 'தொழிலாளர்கள் ஆடிப் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள்' என்ற பதில் மட்டும் எல்லாப் படிவத்திலும் அப்படியே இருந்தது.

மூவரும் சேலம் போய், அங்கிருந்து மாலைக்குக் கழுத்தை நீட்டியபடி நாமக்கல் வந்து இறங்கினார்கள். பேண்டு வாசித்தார்கள். இந்தத் தடவை சுவரொட்டி பொருத்தமாக இருந்தது. அருணகிரி கடலைப் பற்றி ஐம்பது நிமிஷம் பேசினார். அலை, நுரை, திமிங்கிலம் எல்லாம் வந்தன. செங்கோடன் கப்பலில் ஆறு நாளும் வாந்தி எடுத்திருந்தான். திமிங்கிலம் எப்போது வந்தது என்று யோசித்துக்கொண்டே கைதட்டினான்.

ஆவணி ஏழாம் தேதி கமிட்டி கூடியது. நடுவில் நாச்சிமுத்து, பக்கத்தில் உறுப்பினர்கள், எதிரே அருணகிரியும் கந்தப்பனும். காப்பி வந்தது. நாச்சிமுத்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார்.

"புரபசருங்களே, மதராஸ் துறைமுகத்துல இருந்து இது காலையில வந்துச்சு. முதல்வர் ஆபீசுன்னு போட்டிருந்துச்சு. பழைய முதல்வரு போயிட்டாரு, புது முதல்வரு இன்னும் ஆருன்னு தெரியாததால நானே பிரிச்சுப்போட்டேன். இங்கிலீசுல இருக்குது. உங்க பேரு மட்டும் வெளங்குது. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அருணகிரி வாங்கிப் படித்தார். படிக்க ஐந்து வினாடி ஆயிற்று. முகத்தைச் சரிசெய்ய இன்னும் பத்து வினாடி ஆயிற்று. பிறகு எழுந்து நின்றார்.

"அதாவது... துறைமுக அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். என்னைப் போன்ற ஓர் அறிஞர் தம் வழியாகச் சென்றதில் அந்தத் துறைமுகமே பெருமை அடைகிறதாம். என் உடல்நலத்தைப் பற்றியும் மிகுந்த அக்கறையோடு..."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அருணகிரி கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.

"பெருமைன்னா எல்லாரும் பாக்கட்டுமுங்க," என்றார் நாச்சிமுத்து. "அந்தப் பக்கமும் கொஞ்சம் காட்டுங்க."

கந்தப்பன் கையை நீட்டினார். இருபது வருஷத்தில் அவர் எதையும் கேட்டு வாங்கியதில்லை. வாங்கிப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தார்.

கால் மணி நேரத்தில் கந்தப்பன் முதல்வர் ஆனார். அதற்காக அவர் கடல் கடக்கவில்லை, மேடை ஏறவில்லை, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை. கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத் தமிழில் சொன்னார். பயணி கப்பலில் ஏற்றப்படவில்லை. அவர் உடம்பில் இருந்தது அம்மை அல்ல, கோழிப்பேன்.